கரண்ட் போன பிறகு உங்கள் ட்ரிப் சுவிட்ச் விழுமா?

(காட்சி: ஹட்டனில் ஒரு வீட்டுச் சுவர். ட்ரிப் சுவிட்ச், பக்கத்தில் ஹைபிரிட் இன்வேர்ட்டர், அதாவது சோலார், பேட்டரி, வெளிக் கரண்ட் மூன்றையும் வைத்து வீட்டை ஓட்டும் பெட்டி. வெளியே மழைச் சத்தம்.)

காற்றுக் காலத்தில் லைனில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், நம் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பலர் பேட்டரியோடு சோலார் போடுகிறார்கள். சரி, அந்த இருட்டில் கேத்தலில் கரண்ட் கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுமா? டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழுந்ததே என்பீர்கள். இந்த விஷயத்தில் அந்தப் பட்டனை நம்பாதீர்கள்.

(படம்: லைவ், நியூட்ரல் கோடுகள்)

ட்ரிப் சுவிட்ச் கணக்குப் பார்க்கும் ஆள். லைவில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழுந்துவிடும். மின்சார சபைக் கரண்ட் இருக்கும்போது, கசிந்தது ஏர்த் கம்பி வழியாக மண்ணில் இறங்கி, ட்ரான்ஸ்போமரில் ஏர்த் செய்த நியூட்ரலுக்குப் போய்விடும். கணக்கு உதைக்கும்.

கரண்ட் போனதும் பல இன்வேர்ட்டர்கள் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெளி லைனிலிருந்து கழற்றிவிடும். இப்போது வீட்டு நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. கசிவுக்குத் திரும்ப வழி இல்லாததால் முதல் கோளாறு சத்தமில்லாமல் கிடக்கும். அப்புறம் வேறெங்காவது நியூட்ரல் ஈரச் சுவரைத் தொட்டால்? அந்த நேரம் கேத்தலைத் தொட்டீர்கள் என்றால், உங்கள் உடம்பு வழியாகப் போன கரண்டும் ட்ரிப் சுவிட்சுக்குள்ளேயே திரும்பிவிடும். அதன் கணக்கில் எல்லாம் சரி!

டெஸ்ட் பட்டனோ உள்ளேயே லைவையும் நியூட்ரலையும் ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைப்பதுதான். ஏர்த்தே இல்லாத வீட்டிலும் விழும்.

(காட்சி: இன்வேர்ட்டரின் ரிலே, அதாவது தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்)

பேட்டரியில் ஓடும்போது மட்டும் நியூட்ரலை ஏர்த்தோடு சேர்க்கும் ரிலே வேண்டும். சில இன்வேர்ட்டர்களில் உள்ளேயே இருக்கும், மெனுவில் போட வேண்டும். துண்டு வயரால் நிரந்தரமாக முடிந்துவிடுவது குறுக்குவழி. அப்படிச் செய்தால், கரண்ட் வந்ததும் மெயின் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். இன்வேர்ட்டருக்குப் பிறகு தனி ட்ரிப் சுவிட்சும் அவசியம். முன்னால் இருப்பது பேட்டரிக் கரண்டைப் பார்ப்பதே இல்லை.

எலக்ட்ரீஷியனிடம் மெயினை நிறுத்தி, பேட்டரியில் ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் இணைப்பு இருக்கிறது. 80, 100 வோல்ட் என்று காட்டினால், அன்றைக்கே ரிலேயைக் கவனிக்க வேண்டும்.