கடலில் போனவருக்கும் ஒரு பூசை

நேயர்களுக்கு வணக்கம். இறந்த விசுவாசிகளை நினைக்கும் நாளான நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைக்குள் நுழைய எவ்வளவு நெருக்கடி என்று இராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லறையைக் கழுவுகிறோம், சாமந்தி வைக்கிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நல்லது. ஆனால் இறந்தவர்களுக்கான பூசை, அதாவது திருப்பலி, தொடங்கும் நேரத்துக்குப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். எங்கே பேசினாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்: கல்லறை நமக்கு, பூசை அவர்களுக்கு.

புனித மோனிக்காவைத் தெரியும் அல்லவா, அகுஸ்தீனாருடைய தாய்? அந்த அம்மாள் சொந்த ஊரான வட ஆப்பிரிக்காவில், கணவர் பக்கத்திலேயே தனக்கும் இடம் தயார் செய்து வைத்திருந்தவர். 387-ல் ஊர் திரும்பும் வழியில், ரோமுக்குப் பக்கத்து ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். கூட இருந்த இன்னொரு மகன், ‘அம்மா, அந்நிய மண்ணில் சாகாமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது’ என்கிற மாதிரி ஏதோ சொன்னார். நாமும் அதைத்தானே சொல்வோம்! அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘இவன் பேசுவதைப் பார்’ என்றாராம். உடலை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நான் கேட்பது என்று சொல்லிவிட்டார். ஒன்பதாம் நாள் இறந்தார்.

நம் கடற்கரையில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலுக்குப் போனவரின் உடல் கரைசேராத வீடுகள் இங்கே உண்டு. ‘நான் எங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவேன்?’ என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள். அம்மா, பூசையில் நினைக்க அவர் பெயரைக் கொடுங்கள். கல்லறை இல்லாததால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. கையில் பணம் இல்லையா? காணிக்கை இல்லாவிட்டாலும், முக்கியமாக ஏழைகளின் வேண்டுதல் கருத்துக்காகப் பூசை வைக்கும்படி திருச்சபைச் சட்டமே குருக்களுக்கு வலியுறுத்திச் சொல்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெந்தெகொஸ்தே சகோதரர் ‘இது பைபிளில் எங்கே?’ என்பார். 2 மக்கபேயர் 12. போரில் விழுந்தவர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே சுமார் 2,000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார். அந்தப் புத்தகம் அவர் பைபிளில் இருக்காது, சண்டை வேண்டாம்.

இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மையாகும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், அதற்குள் மணியைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக மன்றாடினால், நாளொன்றுக்கு ஒரு பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, அவர்களுக்கு உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை (நற்கருணை) வாங்கி, பாப்பரசர் கருத்துக்காகவும் செபிக்க வேண்டும். மற்ற நிபந்தனைகளைப் பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.