நடுக்கம் தொடங்கும் முன்பே

நேயர்களுக்கு வணக்கம்.

பார்க்கின்சன் நோய் என்றதும் நடுங்கும் கைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்நோய் கண்டவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியில் அளவாக அமைந்த எழுத்துகள் வரவரச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த தடம்போல் ஆகிவிடுவதுண்டு. பலருக்கு இதற்கும் பல ஆண்டுகள் முன்பே மோப்ப உணர்வு மங்கியிருக்கும். சளித் தொல்லை என்று விட்டிருப்பார்கள்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்த காலந்தொட்டு, வெளியே தெரியும் அறிகுறிகளைக் கொண்டே அதை அடையாளம் கண்டுவருகிறோம். அவை தெரியவரும் வேளையில், நடுமூளையில், அசைவைச் சீராக்கும் வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பகுதி அழிந்துபோயிருக்கும். 1960-களில் வந்த லெவோடோபா இன்றும் முதன்மையான மருந்து. அது அசைவை மீட்டுத் தருகிறது. அணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை.

நோயை எவ்வளவு முன்னதாகக் கண்டறிகிறோம் என்பதில்தான் இனிவரும் ஆராய்ச்சியின் பலன் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் மரபணு நோயான முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் இதற்குச் சான்று. அதன் கடுமையான வகையில், சிகிச்சை பெறாத குழந்தைகள் தாமாக உட்காரக்கூட இயலாமல், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள். 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் மருந்தை, மரபணுச் சோதனையில் குறைபாடு தெரிந்தவுடன், அறிகுறி எதுவும் தோன்றுமுன், பிறந்த சில வாரங்களிலேயே செலுத்தியபோது, அக்குழந்தைகளில் பெரும்பாலோர் தாமாகவே நடந்தார்கள். அதே மருந்தைத் தாமதமாகத் தொடங்கினால், இழந்த நரம்பணுக்கள் திரும்புவதில்லை.

அல்சைமர் நோயிலும் மறதி தலைகாட்டுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் அமிலாய்டு புரதம் படியத் தொடங்குகிறது. 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனமாப் மருந்து, தொடக்கநிலை நோயாளிகளிடம் 18 மாதங்களில் நோயின் சரிவை 27 விழுக்காடு மட்டுப்படுத்தியது. இது சிறிய பலன்தான்; மூளை வீக்கம், மூளையில் இரத்தக் கசிவு ஆகிய இடர்களும் உண்டு. எனினும், அறிகுறியே இல்லாதவர்களிடம் இத்தகைய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் நடைபெறுவதும், முதுகில் ஊசியிட்டு நீரெடுத்து அறிந்ததை இரத்தப் பரிசோதனையில் அறிய முடிவதும் எனக்குப் பெரும் நம்பிக்கை தருகின்றன.

முன்னதாக அறிவது எல்லோருக்கும் ஆறுதல் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயின் மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அந்நோய் உள்ள குடும்பங்களில் பிறந்த பெரும்பாலோர் அந்தச் சோதனையைச் செய்துகொள்வதில்லை. தடுக்கும் மருந்து இல்லாத வரையில் அவர்களுடைய முடிவை ஆராய்ச்சியாளர்கள் மதித்தே ஆகவேண்டும்.

ஒரு வேண்டுகோள். நோயின் தொடக்கத்தை அறிய, நலமாக இருப்பவர்களும் ஆண்டுதோறும் ஆராய்ச்சிக்கான பரிசோதனைக்கு வரவேண்டும். இறந்தபின் மூளையைத் தானமாகத் தர நோயாளிகளின் குடும்பத்தார் முன்வருவதுண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோயில்லாத மூளையும் அதே அளவுக்குத் தேவைப்படுகிறது.

நன்றி, வணக்கம்.