மேசையில் குத்தினால்தான் செஸ் செய்தியா?

வணக்கம் மக்களே. எண்ட்கேம் பாடம் போடுகிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன், தெரியும். அது வரும். முதலில் இந்த எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

குடும்பக் குழுவில் நேற்று பெரியப்பா ஒரு ஷார்ட்ஸ் அனுப்பினார். நார்வேக்காரர், முன்னாள் உலக செஸ் சாம்பியன் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்துகிறார், காய்கள் எகிறுகின்றன, பின்னணியில் சண்டைப் படத்து இசை வேறு. "யாரும்மா இந்தக் கோபக்காரன்?" என்று கேட்கிறார். பெரியப்பா, அது 2025 ஜூன் 1, நார்வே செஸ்ஸில் நடந்தது! அந்தப் பழைய பஜ்ஜியை இன்னுமா சூடு பண்ணுகிறார்கள்?

கிளாசிக்கல் ஆட்டத்தில், அதாவது நிதானமாக யோசித்து ஆடும் நீண்ட நேர ஆட்டத்தில், கார்ல்சனை நம்ம சென்னைப் பையன் குகேஷ் வென்றது அதுதான் முதல் தடவை. பெரும்பாலான நேரம் கார்ல்சன் கைதான் ஓங்கியிருந்தது. குகேஷ் விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். கடைசியில் கடிகாரம் நெருக்க, 52-வது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையை e2 கட்டத்தில் தப்பாக வைத்து செக் கொடுத்தார். அங்கேதான் ஆட்டம் கைமாறியது. ஆட்டத்தின் உயிரே அந்த ஒரு குதிரை. எந்தச் சேனலாவது அதைக் காட்டியதா? மேசை, மேசை, மேசை!

அதை உங்களுக்குக் காட்டத்தான் சுருட்டி வைக்கிற இந்தச் செஸ் போர்டை வாங்கினேன். 650 ரூபாய். கடைக்காரர் 800 சொன்னார், காய் வேண்டாம், போர்டு மட்டும் போதும் என்று எழுந்து வாசல் வரை போனேன். கூப்பிட்டுக் காயோடு சேர்த்தே 650-க்குக் கொடுத்தார். அந்தப் பெருமையில் இரண்டு நாள் மிதந்தேன். ஆனால் பாருங்கள், இந்த ஓரம் படியவே மாட்டேன் என்கிறது. டிக்‌ஷனரியை வைத்தாலும் நிமிர்ந்துகொள்கிறது. h வரிசைச் சிப்பாய்கள் எல்லாம் சறுக்கி விழுகின்றன. பச்சைக் கட்டம் அழகு, அது வேறு விஷயம். பழுப்புக் கட்டம் எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும்.

ஆங், ஒன்று விட்டுப்போச்சு. அந்த ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளைக் காய். கார்ல்சன் குத்திய கையோடு மன்னிப்பும் கேட்டார், போகும்போது குகேஷ் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஷார்ட்ஸில் அது வெட்டுப்பட்டுவிட்டது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் இதே கூத்துதான். 14-வது ஆட்டம், அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை f2 கட்டத்தில் வைத்தார், போச்சு. 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். உடனே அப்போதைய ரஷ்ய செஸ் சம்மேளனத் தலைவர் பிலாட்டோவ், டிங் வேண்டுமென்றே தோற்றாரா என்று விசாரிக்கச் சொன்னார். ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் தலைப்புச் செய்தி கிடைத்தது. தவறுகள் ஆட்டத்தில் சகஜம் என்று உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் தலைவர் சொன்ன பதில் எந்த மூலையில் வந்ததோ!

அப்புறம் 2025 அக்டோபர். அமெரிக்காவில் நடந்த அமெரிக்கா-இந்தியா காட்சிப் போட்டியில் அமெரிக்க வீரர் நகமுரா ஜெயித்ததும் குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்தில் வீசினார். எனக்கும் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தியா அன்று 5-0 தோற்றது எத்தனை பேருக்குத் தெரியும்? அதே மாதம் செயிண்ட் லூயிஸில் குகேஷ் நகமுராவை வென்று, காய்களைப் பழையபடி அமைதியாக அடுக்கிவைத்தார். உடனே "பதிலடி!" என்று தலைப்பு. ஐயா, ஆட்டம் முடிந்ததும் காய்களை அடுக்குவது அந்தப் பையனுடைய வழக்கம். சிங்கப்பூரில் சாம்பியன் ஆனபோது அழுதுகொண்டே அடுக்கினாரே, அப்போது யாருக்குப் பதிலடி?