வடை முறுக்கு என்றால் ஐந்து

வணக்கம். கையில் என்ன இருக்கிறது, பாருங்கள். முறுக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்க இன்று நான் கொண்டுபோன வாத்தியம் இதுதான்.

போன வாரம் நான் சொதப்பியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் தாளத்தின் ஐந்து எண்ணிக்கை வகைகளை, திசிரம் 3, சதுசிரம் 4, கண்டம் 5, மிசிரம் 7, சங்கீர்ணம் 9 என்று வரிசையாக எழுதிப்போட்டேன். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். தட்டச் சொன்னால் ஒரு கைக்கும் வரவில்லை.

இன்று பலகைப் பக்கமே போகவில்லை. முறுக்கு என்று சொல்லிக்கொண்டே தட்டச் சொன்னேன். மு-றுக்-கு, மூன்று தட்டு. கொ-ழுக்-கட்-டை, நான்கு. நீங்களும் தட்டுங்கள், யாரும் பார்க்கவில்லை. எழுத்தை எண்ணாதீர்கள், புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். வடை இரண்டு. வடை முறுக்கு, வடை முறுக்கு என்று விடாமல் சொன்னால் ஐந்து ஐந்தாக ஓடும். மிருதங்க வித்வான் இதையே 'தக தகிட' என்பார். கண்டம் வந்துவிட்டது! முறுக்கு கொழுக்கட்டை, 'தகிட தகதிமி', ஏழு. ஒன்பதை நான் சொல்லவே இல்லை. கடைசி வரிசைப் பையன் ஒருவன் "கொழுக்கட்டை வடை முறுக்கு" என்று கத்தினான். 'தகதிமி தகதகிட', அச்சு அசலான சங்கீர்ணம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு தொல்லை. பலகாரத்தின் பெயரைச் சொன்னாலே வேகம் பிடித்துவிடுகிறது. நான்காவது சுற்றில் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடினார்கள். எழுப்பி நடக்கவைத்தேன். ஓர் அசைக்கு ஓர் அடி. பிறகு கால் அதே நடையில் இருக்க, நான்கு அடிக்குள் கொழுக்கட்டையை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். இரண்டாம் காலம் என்பது அவ்வளவுதான். வாய்தான் இரட்டிக்கிறது, கால் அசராது.

மதியம் ச ரி க ம சுரங்கள். வராந்தாவில் பாண்டி விளையாட்டுக்குப் போடுவதுபோல் சுண்ணக்கட்டியால் 13 கட்டம், ஒரே வரிசையில், கீழ் ச முதல் மேல் ச வரை குரல் ஏறும் படிக்கு ஒன்றாக. கர்நாடகப் பாட்டு கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதலில் வரும் மாயாமாளவகௌளை ராகம்தான். முதல் கட்டத்தில் ச. அடுத்த கட்டமே ரி. அங்கிருந்து க-வுக்கு மூன்று கட்டம் தாவ வேண்டும். ம ஒட்டியே இருக்கிறது. இரண்டு தள்ளி ப. பாடிக்கொண்டே குதிக்கும்போது, கால் தாவுகிற இடத்தில் குரலும் தானாகத் தாவுகிறது. சும்மா உட்கார்ந்து பாடியபோது ரி-யையும் க-வையும் நெருக்கிப் பாடிய அதே பிள்ளைகள்!

ப-வில் இறங்கிய ஒரு சிறுமி த, நி, மேல் ச வரை போய்விட்டு, திரும்பிக் கட்டங்களைப் பார்த்தாள். "டீச்சர், ஒன்று, மூன்று, ஒன்று. கீழே குதித்ததேதானே மேலேயும் வருகிறது?"

ஆமாம், ச-விலிருந்து ம வரை உள்ள இடைவெளிதான் ப-விலிருந்து மேல் ச வரையிலும். நான் பத்து வருடம் பாடிய பிறகுதான் இதைக் கவனித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.