பழைய டிவிடியின் 5.1 ஒலியைப் புது ப்ளூரேயில் சேர்ப்பது எப்படி?

[திரையில்: ஒரே படத்தின் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றின் உறை வெளுத்திருக்கிறது.]

வணக்கம். என்னிடம் ஒரு படம் இரண்டு டிஸ்க்குகளில் இருக்கிறது. பழைய டிவிடியில் படம் மங்கல், ஆனால் சத்தம் அப்படியே தியேட்டர். பிற்பாடு வந்த ப்ளூரேயில் படம் பளிச்சென்று இருக்கிறது. சத்தத்தைத்தான் புதிதாக மிக்ஸ் செய்கிறேன் பேர்வழி என்று, மழை, ரயில் எல்லாவற்றையும் முன்பக்க ஸ்பீக்கர்களுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். சரி, அதன் படத்தையும் இதன் ஒலியையும் சேர்த்துவிட்டால்?

சேர்க்கலாம். ப்ளூரேயில் இருக்கும் ஒலியை அழிக்கக்கூட வேண்டாம். டிவிடியிலேயே 8 ஆடியோ டிராக் வரைக்கும் இடம் உண்டு, ப்ளூரேயில் 32. நம்முடையது இன்னொரு டிராக்காகப் போய் உட்காரும். ஒரு வார்த்தை: இரண்டும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்காக இருக்கட்டும், வீட்டுக்குள் பார்க்க மட்டும் இருக்கட்டும். டிஸ்க்கின் பூட்டைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் மேக்எம்கேவி (MakeMKV) என்ற மென்பொருளில் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இது காத்திருக்கும் வேலைதான், டீ போட்டுவிட்டு வரலாம்.

[திரையில்: ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலி மென்பொருள். மேலும் கீழுமாக இரண்டு ஒலி அலை வடிவங்கள்.]

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். இரண்டு ஒலியையும் ஆடாசிட்டியில் திறந்தால், 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் என்பதால் ஒவ்வொன்றும் ஆறு வரியாக விரியும். பொதுவாக முதல் இரண்டு வரி முன்பக்க இடதும் வலதும், மூன்றாவது நடு ஸ்பீக்கர். வசனம் பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கும். இரண்டும் ஒரே மொழி என்றால் அதை வைத்தே ஒப்பிடலாம். டப்பிங் என்றால் வசனம் ஒத்துப்போகாது, இசையும் சத்தங்களும் உள்ள இடது, வலது வரிகளைப் பாருங்கள்.

தேட வேண்டியது 'சுருக்'கென்று எழும் ஒரு சத்தம். கதவு அறைவது, துப்பாக்கி, கன்னத்தில் ஓர் அறை. இந்தப் படத்தில் நான்காம் நிமிடத்திலேயே ஓர் அறை விழுகிறது, நமக்கு வசதி. பெரிதாக்கிப் பாருங்கள், தட்டையான கோடு திடீரென்று முள்ளாக நிமிர்கிறது. டிவிடியில் அது 4 நிமிடம் 12.310 விநாடி. ப்ளூரேயில் 4 நிமிடம் 21.850. வித்தியாசம் 9,540 மில்லிவிநாடி. காரணமும் தெரிகிறது: ப்ளூரேயின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் ஓடுகிறது, டிவிடியில் அதை வெட்டியிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். அப்புறம் கிளைமாக்ஸில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று போகும். குறைந்தது மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: தொடக்கம், இடைவேளைக்குச் சற்று முன், கிளைமாக்ஸ்.

என் கணக்கில் ஒரு மணி பத்தாவது நிமிடத்திலும் அதே 9,540. கிளைமாக்ஸில் 5,540! சரியாக 4 விநாடி குறைந்திருக்கிறது. 'இடைவேளை' என்ற எழுத்து டிவிடியில் 4 விநாடி கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் டிவிடி ஒலியில் 4 விநாடியை வெட்டினால் போதும். டிவிடியின் டால்பி (சுருக்கிய 5.1 ஒலி வடிவம்) ஒலி 32 மில்லிவிநாடித் துண்டுகளாகத்தான் இருக்கும், அதற்குள் வெட்ட முடியாது. 4 விநாடி என்பது சரியாக 125 துண்டு, அதிர்ஷ்டம். எம்கேவி டூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற மென்பொருளில் இதை வெட்டி ஒட்டலாம், மறுபடி என்கோட் செய்ய, அதாவது புதிதாகச் சுருக்கிச் சேமிக்க வேண்டாம், தரமும் குறையாது.

வித்தியாசம் ஒரே இடத்தில் குதிக்காமல், போகப் போகக் கூடிக்கொண்டே போனால் அது வேறு நோய். ஐரோப்பாவுக்கான பால் (PAL) என்ற வீடியோ முறை டிவிடிகளில், விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 23.976-இல் ஓடும் ப்ளூரேயோடு ஒப்பிட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் முந்தும். பாட்டும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி ஏறிக் கேட்கும். இதற்கு எந்த டிலேயும் (ஒலி முழுவதையும் ஒரே அளவு தள்ளிவைப்பது) உதவாது. ஈஏசி3டூ (eac3to) போன்ற கருவியால் ஒலியின் வேகத்தைக் குறைத்து மறுபடி என்கோட் செய்ய வேண்டும். ப்ளூரே டால்பிக்கு விநாடிக்கு 640 கிலோபிட் வரை அனுமதிக்கும், அதையே வையுங்கள். வேகம் குறைந்ததும் சுருதியும் தானாக இறங்கிவிடும்.

[திரையில்: டூல்நிக்ஸின் டிலே பெட்டியில் 9540]

கடைசியாக ப்ளூரேயின் படம், அதன் ஒலி, நம் டிவிடி ஒலி மூன்றையும் டூல்நிக்ஸில் போட்டு, நம் டிராக்குக்கு 9540 கொடுங்கள். ஒலி பிந்த வேண்டுமென்றால் வெறும் எண், முந்த வேண்டுமென்றால் கழித்தல் குறி. கொஞ்சம் தவறினாலும் ஒலி பிந்தும் பக்கமே தவறட்டும். ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். நம் காது அதற்குப் பழகியது. முந்தி வரும் ஒலி 45 மில்லிவிநாடியிலேயே உறுத்த ஆரம்பிக்கும், பிந்தினால் 125 வரை பலருக்குத் தெரியாது.

என்கோட் செய்தவர்கள் ஆறு வரியின் வரிசையையும் ஒருமுறை பாருங்கள். முதல் முயற்சியில் நான் நடு வரியைப் பின்பக்க இடதில் போட்டுவிட்டேன். சோபாவில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "யாருடா பின்னாடி பேசுறது?" என்றார்.

பென் டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பதென்றால் வேலை முடிந்தது. டிஸ்க்காகவே வேண்டுமென்றால் டிஎஸ்மக்சர் (tsMuxeR) என்ற மென்பொருளில் ப்ளூரே ஃபோல்டராக மாற்றி எழுதுங்கள். முழுப் படம் பல சமயம் 25 ஜிபியைத் தாண்டும், 50 ஜிபி டிஸ்க் தேவைப்படும். முதல் தடவை அழித்து எழுதும் வகை டிஸ்க்கையே வாங்குங்கள். எனக்கு மூன்று தடவை அழிக்க வேண்டியிருந்தது.