கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை

வணக்கம். மணி ஆறு இருபது. கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்தில், அய்யனார் கோயில் பக்கத்துத் தாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மாசி மாதம் என்பதால் சூரியன் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். கூட யாரும் வரவில்லை. கேமரா, ட்ரைபாட், ஒரு குடை, அப்பாவின் பழைய வேட்டி ஒன்று, இவ்வளவுதான் கொண்டுவந்திருக்கிறேன்.

"தனியாகத்தானே வீடியோ எடுக்கிறீர்கள், பிறகு எப்படி சினிமா மாதிரி இருக்கிறது, எந்தக் கேமரா அக்கா?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேமராவின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இதே குளத்தைப் போனில் எடுத்தும் நான் மனம் நிறைந்திருக்கிறேன். நல்ல கேமராவில் எடுத்து வீட்டுக்குப் போய் அழுத நாளும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு காட்சி ஓடும்போது, அங்கே ஒருவர் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம் மனம் நம்பிவிடுகிறது. நம்மை நாமே எடுக்கும்போது அந்த ஆள் இல்லை. பட்டனை அழுத்திவிட்டு ஓடி வந்து நிற்கிறோம், பேசி முடித்ததும் ஓடிப்போய் நிறுத்துகிறோம். அந்த அவசரம் படத்தில் தெரிகிறது. அதனால் நான் முதலில் என்னை மறந்துவிட்டு இடத்தைப் பார்க்கிறேன். நான் இல்லாத இந்த ஃப்ரேமைப் பத்து நொடி பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அந்த ஆலமர விழுதுகள், அவற்றுக்கு நடுவே தெரியும் பாறை, கீழே தண்ணீர். முடியும் என்றால் அங்கே ட்ரைபாடை ஊன்றுகிறேன். முடியாது என்றால் நான் உள்ளே வந்து நின்றாலும் அது தேறாது.

பிறகு கேமராவை ஓடவிட்டு, ஃப்ரேமுக்கு வெளியே போய்ப் பத்து எண்ணுகிறேன். அதன் பிறகுதான் நடந்து உள்ளே வருகிறேன். மறுபக்கம் வெளியேறியும் பத்து எண்ணுகிறேன். காலியாக இருக்கும் அந்த நொடிகள்தான், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வைத் தருகின்றன. இதில் உடல் உழைப்பு அதிகம், மறைக்கவில்லை. கரையில் நூறு மீட்டர் நடக்கும் காட்சி என்றால், கேமராவை எடுக்கத் திரும்ப நூறு மீட்டர் நடக்க வேண்டும். அதையே மூன்று கோணத்தில் எடுத்தால் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.

இனி அழுத நாளைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் யானைமலைப் பக்கம், நரசிங்கத்தில். நாற்பது நிமிடம் பேசினேன், அன்று வெளிச்சம் அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் எனக்குப் பின்னால் மலை துல்லியமாக இருக்கிறது, என் முகம் மட்டும் மங்கல். நான் உள்ளே வருவதற்கு முன்பே கேமரா, தன் கண்ணுக்குப் பட்ட மலையில் ஃபோகஸை நிறுத்திவிட்டது. நானும் சரிபார்க்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் குடை கூடவே வருகிறது. நான் நிற்கப்போகும் இடத்தில் ஒரு கல்லை வைக்கிறேன், அதன் மேல் குடையை ஊன்றி வைக்கிறேன். குடைத் துணியின் தையலைப் பெரிதாக்கிப் பார்த்து, நூல் தெரியும் வரை கையால் ஃபோகஸ் வைத்துப் பூட்டுகிறேன். பிறகு குடையை எடுத்துவிட்டு அதே கல்லில் குதிகாலை வைத்து நிற்கிறேன். எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சுருங்கும், துல்லியமாகத் தெரியும் ஆழம் கூடும். என் லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும் என்றாலும் தனியாக எடுக்கும்போது எஃப் 4 வைக்கிறேன். அரை அடி முன்னே பின்னே நகர்ந்தாலும் முகம் காப்பாற்றப்படும்.

— யாரிடம் பேசுகிறாய் தாயி?

— வாங்க அப்பத்தா. இதைப் பார்க்கப்போகிறவர்களிடம்.

— அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

— அவரவர் வீட்டில் இருக்கிறார்கள், அப்பத்தா. ராத்திரிதான் பார்ப்பார்கள்.

— அப்படியென்றால் இவ்வளவு சத்தமாக எதற்கு? மெல்லவே பேசு. கேட்கும்.

ஆடு ஓட்டிப் போகிறவர். அவர் சொன்னது உண்மை. சட்டையில் குத்தும் சின்ன மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, நெஞ்சில் குத்தியிருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் குரலே போதும். காற்றுக்கு அதன் மேல் பஞ்சு உறை கட்டாயம், அதிலும் ஆடி மாதத்தில். மயிலும் ஆடும் கேட்டால் கேட்கட்டும், அவற்றை நான் நீக்குவதில்லை.

ஷட்டரைப் பற்றியும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் குழம்புவது அங்கேதான். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்களாக ஓடுகிறது. ஊமைப் படக் காலத்தில் வேகம் நிலையாக இல்லை. 1920களின் பிற்பகுதியில் பேசும் படம் வந்தபோது, ஒலி பிசகாமல் இருக்க ஒரே வேகம் தேவைப்பட்டது, 24 நிலைத்தது. ஒரு நூறு வருடமாக நம் கண் அதற்குப் பழகியிருக்கிறது. ஷட்டரை ஏறக்குறைய அதன் இரட்டிப்பில், அதாவது 1/50 நொடியில் வைத்தால், கை அசையும்போது லேசான மங்கல் விழும். அந்த மங்கல்தான் அசைவுக்கு அழகு. ஷட்டர் 1/1000 என்றால் அதே கை வெட்டி வெட்டி நகரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடாமல் காப்பதும் இதே 1/50தான்.

ஆனால் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ.வை 100-க்குக் குறைத்து வைத்தாலும் உச்சி வெயிலில் எஃப் 22 வரை சுருக்க வேண்டியிருக்கும். அங்கிருந்து எஃப் 2.8-க்கு ஆறு படி, ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் இரட்டிப்பு, மொத்தம் 64 மடங்கு. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, என்.டி. 64 என்று கேளுங்கள், அந்த 64 மடங்கைக் குறைக்கும். பணம் சேர்த்தால் முதலில் இதை வாங்குங்கள், புது லென்ஸ் பிறகு வரட்டும்.

அதைவிட, உச்சி வெயிலில் எடுக்காமலிருப்பது நல்லது. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், கண்குழி இரண்டும் இருண்டுவிடும். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், காலை மஞ்சள் வெளிச்சமும் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் தங்காது. அதனால்தான் ஃப்ரேமையும் குடையையும் கல்லையும் இருட்டிலேயே தயார் செய்துவிட்டேன்.

பார்த்தீர்களா, வந்துவிட்டது. சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு உட்கார்ந்திருக்கிறேன், தலைமுடி ஓரத்தில் பொன் கோடு விழுகிறது. முகம் இருண்டுவிடாமலிருக்க, கேமராவுக்குப் பக்கத்துப் படியில் அப்பாவின் வேட்டியை விரித்திருக்கிறேன். வெயில் அதில் பட்டுத் தெறித்து என் தாடைக்கு வருகிறது. இப்போது வேட்டியைச் சுருட்டுகிறேன்... கண்ணுக்குக் கீழே இருட்டு. விரிக்கிறேன்... கண் உயிரோடு இருக்கிறது. வீட்டில் எடுக்கும்போது இதே எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டுகிறேன், நுழையும் வெயில் பால் போல் பரவும்.

உடைக்கும் ஒரு வார்த்தை. நெருக்கமான சின்னக் கட்டம் போட்ட துணி கேமராவில் அலை அலையாக நெளியும். இந்த அரக்குச் சுங்குடியில் புள்ளிகள் பெரிதாக, கையால் முடிந்தவை என்பதால் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கின்றன, அந்தத் தொல்லை இல்லை. சாம்பல் பாறைக்கு முன்னால் அரக்கு எடுப்பாகவும் இருக்கிறது.

மேலே செட்டிப்பொடவு என்ற குகையில் ஆயிரம் ஆண்டு பழைய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான் இன்று வாங்கவில்லை, அதனால் கீழேயே இருக்கிறேன். நீங்களும் பாறையில் எதையும் ஊன்றாதீர்கள்.

வெளிச்சம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. கடைசியாக ஒரு காட்சி எடுக்க வேண்டும். நான் எழுந்து கரையோரமாக இடதுபக்கம் வெளியே போகிறேன், கேமரா ஓடட்டும். அப்பத்தாவின் ஆடுகள் விழுதுகளுக்கு அந்தப் பக்கம் மேய்கின்றன, அவை உள்ளே வருகிறதா பார்க்கலாம். பத்து எண்ணிவிட்டு வந்து நிறுத்துகிறேன்.