ஹட்சா ஜனத்துக்காக எப்படி ஜெபிப்பது?
(மிஷனரி ஜெபக்கூடுகை உரையின் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

நாடோடி ஜனம் ஒன்றின் பெயரை ஜெபக் குறிப்பில் கண்டதும் நம் வாயில் முதலில் வருவது, "ஆண்டவரே, இவர்களை ஓரிடத்தில் நிலைநிறுத்தும்" என்பதுதான். ஹட்சா ஜனத்துக்காக அந்த ஜெபத்தை மட்டும் தயவுசெய்து ஏறெடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

வட தான்சானியாவில் ஏயாசி ஏரியைச் சுற்றி வாழும் இவர்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் சில நூறு பேர் இன்றைக்கும் பெரும்பாலும் வேட்டை, தேன், கிழங்கு, காட்டுப்பழம், ஆனைப்புளியங்காய் என்றே பிழைக்கிறார்கள். பயிரும் இல்லை, மந்தையும் இல்லை. 1927-லும் 1939-லும் பிரிட்டிஷ் ஆட்சி இவர்களைக் குடியமர்த்தப் பார்த்தது. விடுதலைக்குப் பின் 1965-லும் 1988-லும் அரசு முயன்றது. கொடுத்த தானியம் இருக்கும்வரை தங்குவார்கள், தீர்ந்ததும் காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதை நாம் சோம்பல் என்று எண்ணிவிடுகிறோம். நடந்தது வேறு. சிதறி வாழ்ந்தவர்களை நெருக்கி வைத்ததும் தட்டம்மை போன்ற நோய்கள் பரவி, குறிப்பாகக் குழந்தைகள் நிறையப்பேர் இறந்தார்கள். இவர்களுக்கென்று கட்டிய யாயேடா சீனி கிராமத்தில் பிறகு குடியேறியது அண்டை ஜனங்கள்.

ஆகவே முதல் ஜெபக் குறிப்பு நிலம். 2011-ல் யாயேடா பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 20,000 ஹெக்டேருக்கு, வழிவழியாக அனுபவித்த நிலம் என்ற உரிமையில் பட்டா கிடைத்தது. ஆனால் வறட்சியில் அண்டை ஜனமான தத்தோகா மேய்ப்பர்களின் மாடுகள் இறங்கினால், நீர்க்குழி வற்றும், கிழங்கும் பழமும் தரும் செடிகள் மிதிபடும், வேட்டை மிருகம் விலகிவிடும். அந்த எல்லை காக்கப்பட ஜெபியுங்கள். அடுத்தது தடுப்பூசி. தட்டம்மை மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிராகவே முகாம்வரை கொண்டுபோக வேண்டும். நடுவழியில் வண்டி பழுதாகிக் குளிர் போய்விட்டால் அந்தப் பெட்டியே வீண்.

இனி ஊழியர்களுக்கு வருகிறேன். மழையில்லாத வறண்ட காலத்தில்தான் பல குடும்பங்கள் வற்றாத நீர்நிலைகளை ஒட்டிக் கூடும். சுவிசேஷகர் போக ஏற்ற காலம் அது. முகாமில் சாதாரணமாக 20, 30 பேர். தலைவன் கிடையாது, அனுமதி கேட்க ஒரு ஆளைத் தேடினால் கிடைக்காது. மாவு மூட்டையோடு போனால் கூட்டம் பெருகும். மாவு தீர்ந்த மறுநாள் நீங்களும் நாலு மரமும்தான். பணம் கொடுப்பது அதைவிட மோசம். சுற்றுலாப் பணம் சாராயமாக மாறி வீடுகளைக் கெடுத்ததை ஏரிக்கு அருகே மங்கோலா என்ற ஊர்ப்பக்கம் எவரும் காணலாம்.

படம் காட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. திரை தெளிவாகத் தெரிய நாம் நிலவில்லாத இரவைத் தேர்ந்தெடுப்போம். ஹட்சா ஜனம் எபெமே நடனம் ஆடுவதும் அதே இருட்டில்தான். மரித்தோரை நினைத்து, மனத்தாங்கல்களை ஆற்றிக்கொள்ளும் இரவு அது. ஜெனரேட்டரையும் விளக்கையும் அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, "வரவேற்பு இல்லை" என்று அறிக்கை எழுதக் கூடாது. எந்த இரவு என்று அவர்களிடமே கேளுங்கள்.

வேதத்தை இவர்களுக்குக் கதையாகச் சொல்வதே வழி. ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் ஒரு பகுதி. தாய்மொழிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுத் தன் வாயால் சொல்ல வேண்டும். முன்பு கேட்டிராத இன்னொருவர் கேட்டு, உதவியின்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைச் சுவாஹிலியில் ஆக்கி வேதத்தோடு ஒப்பிட வேண்டும். எந்த இடத்தில் அவர் தடுமாறினாரோ அந்த இடத்தில்தான் நம் கதை பழுது. அதைச் சரிசெய்த பிறகே ஒலிப்பதிவு. அவசரப்பட்டு முதல் சொல்லலையே பதிவுசெய்தால், பிழை முகாம் முகாமாகப் பரவும்.

எந்தக் கதையில் தொடங்குவது? "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" வேண்டாம்; தண்ணீரைக் காலி செய்கிற அண்டை வீட்டானை நினைவூட்டும். மன்னாவில் தொடங்கலாம். அன்றன்றைக்குப் பொறுக்கி, மீத்துவைத்தால் புழு பிடிக்கிற ஆகாரம். காட்டில் பொறுக்கி அன்றே பங்கிட்டுத் தின்கிறவர்களுக்கு இது நம்மைவிட நன்றாக விளங்கும். சிங்கத்தின் உடலில் தேன் கண்ட சிம்சோனையும் காட்டுத்தேன் தின்ற யோவானையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

சூரிய ஒளியில் இயங்கும் ஒலிப்பெட்டி ஒன்றை முகாமில் விட்டு வந்தால், அடுத்த முறை அது அங்கே இராது. லுகுச்சுகோ என்று மரப்பட்டைத் துண்டுகளை எறிந்து ஆடும் பந்தயத்தில் அம்பு, கத்தி எல்லாம் கைமாறும், பெட்டியும் மாறும். ஜெபக்குழுவினர் இதைத் திருட்டாக எண்ணி வருந்த வேண்டாம். நாம் நடந்து எட்டாத முகாமுக்கு அது போயிருக்கலாம். வருந்த வேண்டியது தூசி அடைத்து நின்றுபோகும் பெட்டிக்காகத்தான். ஆகவே மூடியுள்ளதாக வாங்கக் காணிக்கை கொடுங்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. எத்தனைபேர் கை உயர்த்தினார்கள் என்று பணித்தளத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்காதீர்கள். இங்கே ஒருவர் ஒப்புக்கொண்டால் முகாம் முழுவதையும் அது கட்டுப்படுத்தாது. முகாம்களும் சில வாரங்களுக்கொருமுறை கலைந்து வேறு ஆட்களோடு கூடும். நாம் நெருக்கினால், ஊழியரும் ஒரே ஆளை இரண்டு முகாமில் இரண்டு தரம் எண்ணி அனுப்பிவிடுவார்.